நீர்மூழ்கிக்குத் திருஷ்டி கழித்தவன்

சண்டை எதுவும் நடக்காத காலத்தில், பட்டப்பகலில், இரண்டு படி உப்பை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனுடைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை நான் வீழ்த்தியிருக்கிறேன். பிற்பாடு ஜெர்மன்காரன் குண்டும் கண்ணிவெடியும் போட்டுச் செய்த வேலை அது. எனக்கு ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட எனக்கு வேறு சங்கதிகள் உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இடுப்பு வேட்டியும் தோள் துண்டுமாகக் கப்பலிலிருந்து இறங்கியவன். இன்றைக்குச் சிங்கப்பூர் ஆற்றில் சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகள் எனக்கு ஏழு ஓடுகின்றன, சிராங்கூன் ரோட்டில் என் பெயர் பொறித்த மாடி வீடு நிற்கிறது. (பெயரைச் சின்னதாகப் போடச் சொன்னேன். கொத்தனார்தான் கேட்கவில்லை.) ஆனாலும் இத்தனை வயதிலும் இலையில் உப்புக் குறைந்தால் நான் கேட்டு வாங்குவதில்லை.

இப்போதெல்லாம் பத்திரிகையில் அடிக்கடி எழுதுகிறார்கள், இன்ன நாட்டுக் கடற்படையில் பழைய டீசல் நீர்மூழ்கி இத்தனை, புதியது இத்தனை என்று. என் மருமகன் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "பழசை உடைச்சுப் போடாம ஏன் மாமா இன்னும் கட்டி மேய்க்கிறான்?" என்று கேட்பார். அவர் படித்தவர், கிளார்க் உத்தியோகம். வேறு எதற்கும் என்னிடம் யோசனை கேட்க மாட்டார். இதற்கு மட்டும் கேட்பார். ஏனென்றால் இந்த வீட்டில் நீர்மூழ்கியின் வயிற்றுக்குள் இறங்கிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் பதில் சொல்லத் தொடங்குவேன். சமையலறையிலிருந்து யாராவது இருமுவார்கள். நான் நிறுத்திக்கொள்வேன். ஏன் நிறுத்துகிறேன் என்பதுதான் இந்தக் கதை.

முதல் பெரிய யுத்தம் வருவதற்கு முன்பு அது. எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் தண்டலாக இருந்தேன். தண்டல் என்றால் கூலியாட்களைக் கூட்டிக்கொண்டுபோய் வேலை வாங்குகிறவன். என் கீழே பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்குத் தலைவன் என்றால் ராஜா என்று அப்போது என் எண்ணம். மீசையை முறுக்கிவிட்டு, கையில் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு திரிவேன். பிரம்பால் யாரையும் அடித்ததில்லை. ஒருமுறை ஓங்கியபோது அது என் காதிலேயே பட்டது.

என் ஆட்களில் ஒருவன் ரெங்கசாமி. என் தங்கை சொர்ணத்துக்கு நானே பார்த்து நிச்சயம் செய்த மாப்பிள்ளை. அப்பா அம்மா இல்லாத அவளுக்கு நான்தான் எல்லாம். இன்னும் மூன்று வாரத்தில் சிராங்கூன் ரோட்டுக் காளி கோயிலில் கல்யாணம். ரெங்கசாமியை ஏன் பிடித்தேன் என்றால், அவன் கை நடுங்காது. விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய குடத்தோடு ஏணியில் இறங்குவான், ஒரு சொட்டுச் சிந்தாது. இந்தக் கையில் தங்கையைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். கொடுப்பதற்கு முன்னால் நான் அவனை என்ன செய்தேன் என்று பாருங்கள்.

ஹாங்காங் போகிற வழியில் இரண்டு நீர்மூழ்கிகள் துறைமுகத்துக்கு வந்தன. ஒன்று பழசு, ஒன்று புதுசு. சிங்கப்பூரே திரண்டு வந்து பார்த்தது. ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை விட்டுவிட்டு வந்தார்கள். சீன முதலாளிகளான தவ்கேமார் குடும்பத்தோடு வந்தார்கள். துரைசானிகள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பழைய நீர்மூழ்கியின் அடித்தளத்தைச் சுரண்டி, எண்ணெய்க் கசடை அள்ளி, பேட்டரிக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. சனிக்கிழமைக்குள் முடிக்கிறேன் என்று நெஞ்சைத் தட்டி வாக்குக் கொடுத்தேன். முடியுமா என்று யோசிக்கவில்லை. அந்த வயதில் நான் முதலில் நெஞ்சைத் தட்டிவிட்டு அப்புறம்தான் யோசிப்பது.

துரைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் இங்கிலீஷ் பேச ஓர் ஆள் இருந்தார், செய்யது பாய். நாகூர்ப் பக்கத்துக்காரர், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் கணக்கப்பிள்ளை. முதல் நாள் காலையில் அவர் என்னை இரண்டு நீர்மூழ்கிகளுக்கும் முன்னால் நிறுத்தி விளக்கினார். (துரைகள் பாஷையில் அவை படகுகள்.)

"தண்டல், நல்லாக் கேட்டுக்க. பழசு பெட்ரோல்ல ஓடுது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, கீழ போய்த் தேங்கிக்கும். உள்ள எவனாச்சும் பீடி பத்த வச்சான்னா, மிச்சத்தை நாம பேப்பர்லதான் படிக்கணும்."

"புதுசு?"

"புதுசு டீசல். கெட்டி எண்ணெய். தீக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனாலும் லேசுல பத்தாது. ரொம்பத் தூரம் போகும். இனிமே எல்லாரும் இதைத்தான் கட்டுவாங்களாம்."

"அப்போ பழசை எதுக்கு இழுத்துக்கிட்டு அலையறாங்க?"

"துறைமுக வாசல்ல காவலுக்கு ஆள் வேணாமா? புதுசா சேர்ற பசங்க எதுல இறங்கிப் பழகுவாங்க? பழசு மாமியார் மாதிரிப்பா, வீட்டைப் பாத்துக்கும். புதுசு வெளிய போய் வேட்டையாடும்."

"தண்ணிக்குள்ள முங்கினா எது கெட்டி, பாய்?"

"முங்கிட்டா பெட்ரோலும் கிடையாது, டீசலும் கிடையாது. எஞ்சின் ஓடக் காத்து வேணுமே. உள்ள ரெண்டுக்கும் பேட்டரிதான் உயிர். அங்க மாமியாரும் மருமகளும் ஒண்ணு."

எல்லாம் புரிந்தவன் போல மீசையைத் தடவினேன். எனக்குப் புரிந்தது பீடி பற்ற வைக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

பழைய படகுக்குள் ஒரு கூண்டில் வெள்ளை எலிகள் இருந்தன. பெட்ரோல் ஆவி கசிந்தால் மனிதனுக்கு முன்னால் எலி மயங்கிவிடும், அதைப் பார்த்து ஆட்கள் மேலே ஓடிவிடலாம். எலிகளுக்குத் தனி ரேஷன் உண்டு. என் ஆட்களுக்குக் கொடுத்த ரொட்டியைவிட எலிக்குக் கொடுத்த ரொட்டி நன்றாக இருந்தது என்று இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். (ருசி பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டார்கள்.)

இரண்டாம் நாள் ஒருவன் உள்ளே மயங்கி விழுந்தான். மூன்றாம் நாள் இன்னொருவனுக்கு, உள்ளே இறங்கும் வாயில் இருந்த இரும்பு மூடியின் விளிம்பில் கால் கிழிந்தது. நாலாம் நாள் காலையில் எல்லோரும் படகுத்துறையில் குந்திக்கொண்டார்கள். "இந்தப் பொட்டிக்குக் கண்ணு பட்டிருக்குங்க. ஊரே வந்து பாத்துட்டுப் போயிருக்கு. கழிச்சாத்தான் இறங்குவோம்" என்றார்கள்.

ரெங்கசாமி மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மச்சான், கண்ணுமில்லை ஒண்ணுமில்லை. பெட்ரோல் நாத்தம். ரெண்டு மூடியையும் தொறந்துபோட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா போதும். காத்து உள்ள போயிடும்."

"ஒரு மணி நேரம் சும்மாவா? துரைகிட்ட நான் என்ன சொல்லிருக்கேன் தெரியுமா?"

"என்ன வேணா சொல்லியிருங்க. காத்துக்கு அது தெரியாதே."

அவன் சொன்னதுதான் சரி. ஆனால் மாப்பிள்ளை சொல்லி மச்சான் கேட்பதா? திருஷ்டி கழிப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் காவேரி அத்தை கழிக்கும் முறை எனக்குத் தெரியும். உப்பை எடுத்துச் சுற்ற வேண்டும், பிறகு நெருப்பில் போட வேண்டும் அல்லது தண்ணீரில் கரைக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு பிடி உப்பு. பசு மாட்டுக்கு இரண்டு பிடி. அந்தக் கணக்கில் போனால் இவ்வளவு நீள இரும்புக்கு எவ்வளவு? இரண்டு படி என்று முடிவு செய்தேன். பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிக்காரரிடம் வாங்கிக்கொண்டு வந்தேன். மனிதனானால் கிழக்கே பார்த்து உட்கார வைத்துச் சுற்றலாம், நீர்மூழ்கியை எப்படிச் சுற்றுவது? ஒரு மலாய்க்காரருடைய சம்பான் தோணியில் ஏறி, உப்பு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வலமாக மூன்று சுற்றும் இடமாக மூன்று சுற்றும் வந்தேன். ரிக்‌ஷாக்காரன் கண், தவ்கே கண், குடை பிடித்த துரைசானி கண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கினேன். மேல்தட்டில் நின்ற மாலுமிகள், நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினார்கள். ஆறாவது சுற்றில் சம்பான்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இனி உப்பைப் போட வேண்டும். என் புத்திசாலித்தனம் அப்போதுதான் வெளிப்பட்டது. நெருப்பில் போட முடியாது, பக்கத்தில் பெட்ரோல். அதை மறக்காததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். கடலில் கரைக்கலாமா? கடலே உப்பு. உப்போடு உப்பாகப் போனால் கண்ணேறு எங்கே கரையும்? அப்படியே திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீர் வேண்டும். படகுத்துறையின் மேல், ஈயத்தகடு அடித்த பெரிய மரத்தொட்டி ஒன்றில், தார்ப்பாய் போட்டு மூடி, நல்ல தண்ணீர் இருந்தது.

அது பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் காய்ச்சி வடித்து வைத்த தண்ணீர். எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் செம்பட்டை மீசை வைத்த எஞ்சின்காரத் துரை ஒரு கண்ணாடி டம்ளரில் அதை மொண்டு, ஒரு குட்டிப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். "இதுல கை வைக்காதே, எச்சில் படக் கூடாது" என்று செய்யது பாயும் சொல்லியிருந்தார். நான் கையா வைத்தேன்? எச்சிலா துப்பினேன்? பேட்டரிக்குள் இருப்பது அமிலம், இரும்பையே தின்கிற அமிலம், இந்தக் கண்ணேறு அதற்கு எம்மாத்திரம், தின்று தீர்த்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. தார்ப்பாயின் மூலையைத் தூக்கி இரண்டு படியையும் உள்ளே கொட்டினேன். பிரம்பால் கலக்கியும் விட்டேன். யாரும் பார்க்கவில்லை. கழித்ததைப் போடும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பது முறை. முறையில் நான் குறை வைக்கவில்லை.

"ஆச்சு, இறங்குங்க" என்றேன். ஆட்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

தண்ணீரை ஊற்றியது ரெங்கசாமி. நடுங்காத கை என்பதால் துரைகளே அவனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தரைப் பலகைகளைத் தூக்கிவிட்டு, குனிந்து, ஒவ்வொரு பேட்டரிக் கட்டத்துக்கும் புனல் வைத்து ஊற்றினான். ஊற்றி முடித்ததும் மற்ற ஆட்கள் கரையேறினார்கள். துரைகள் பேட்டரிக்குள் மின்சாரத்தை ஏற்றத் தொடங்கினார்கள். அவனும் இரண்டு மாலுமிகளும் மட்டும் கட்டங்களின் மேல்புறத்தைத் துணியால் துடைக்க உள்ளே இருந்தார்கள்.

அரை மணி ஆகியிருக்கும். மூடியின் வாய் வழியாக ஒரு நாற்றம் வந்தது. வண்ணான் துறையில் வெளுப்புக் காரத்தை அள்ளி மூக்கில் அடைத்தது போல. அதற்குப் பிறகு இருமல். ஒரு மாலுமி ஏறி வந்து தட்டின் மேல் குப்புற விழுந்தார். அடுத்தவர் எலிக் கூண்டோடு வந்தார். கூண்டில் எலிகள் கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தன. எலியைத் தூக்கி வர நினைவு வந்தவருக்கு ரெங்கசாமியின் நினைவு வரவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு நினைவு வந்தது, நான் என்ன செய்தேன்?

மூடிக்கு எதிரே நின்றேன். உள்ளே ரெங்கசாமி இருமுவது கேட்டது. பலகைக்கு அடியில், தவழ்ந்துதான் போக வேண்டிய இடத்தில் அவன் இருந்தான். ஏணி என் காலுக்கு நேராக இருந்தது. நான் இறங்கவில்லை. முதலில் விழுந்த அந்த மாலுமியே எழுந்து, ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கி, அவனைத் தோளால் முட்டி மேலே தள்ளினார். நான் மேலேயிருந்து கையைப் பிடித்து இழுத்தேன். அது ஒன்றுதான் நான் செய்த வீரம். ரெங்கசாமியின் வாயிலிருந்து நுரை வந்தது, அதில் சிவப்புக் கலந்திருந்தது. வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

துரைகள் கூடிக் கூடிப் பேசினார்கள். செய்யது பாய் என்னிடம் வந்தார்.

"பழைய பொட்டி, எங்கயோ தையல் விட்டுக் கடல் தண்ணி உள்ள போயிருக்காம். பேட்டரியில உப்புத் தண்ணி சேந்தா இப்படித்தான் விஷப் புகை வருமாம். ஓட்டையைத் தேடறாங்க."

"உப்பு பட்டாவா, பாய்?"

"ஆமாப்பா, உப்புதான். ஏன், உனக்கு என்ன வேர்க்குது?"

"வெயில்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழியைச் சுமக்க ஒரு பழைய படகு கிடைத்திருந்தது. கிழட்டு இரும்பு, பேசாது. அதை ஹாங்காங்குக்கு இழுத்துக்கொண்டு போவதா, இங்கேயே கட்டிப் போட்டுக் காவலுக்கு வைப்பதா என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒரு தூணோரமாக உட்கார்ந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். என் தங்கையின் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு அடித்துக்கொண்டு கிடக்கிறான், எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அப்போது என் கண்ணெதிரே ஆட்கள் அந்தத் தொட்டியை உருளைகளின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். புதுப் படகின் பக்கம்.

"புதுசு நாளைக்குக் காலையில புறப்படுது" என்றார் பாய். "இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அதுக்குத் தண்ணி ஊத்தியாகணும். வெளிக்கடல்ல போய் முங்கிப் பழகப் போறாங்களாம். முப்பது பேர்."

புதுசுதானே, டீசல்தானே, அதற்கு ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். தண்ணீருக்குள் மாமியாரும் மருமகளும் ஒன்று என்று அந்த மனிதரே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். முப்பது பேர். மூடியை மூடிக்கொண்டு கடலுக்கு அடியில் முப்பது பேர். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டார் இந்த இடத்தில், 'மனசாட்சி உறுத்தி மாமா போய்ச் சொல்லிட்டாங்க' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது பொய். நடந்தது இதுதான்.

"ரெங்கசாமி இல்லையே, யார் ஊத்தறது?" என்று பாய் துரையைக் கேட்டார். துரை என் பக்கம் விரலை நீட்டினார். "தண்டல், நீயே இறங்கி ஊத்துவியாம்."

புனலைக் கையில் கொடுத்தார்கள். புதுப் படகின் ஏணியில் ஒரு காலை வைத்தேன். அடுத்த காலை வைக்கவில்லை.

"பாய், அந்தத் தண்ணியில நான் உப்புப் போட்டுட்டேன்."

"என்ன போட்ட?"

"உப்பு. ரெண்டு படி. கண்ணு கழிச்சுப் போட்டேன்."

செய்யது பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். அப்புறம் இங்கிலீஷில் சொன்னார். செம்பட்டை மீசைத் துரை ஓடிப்போய் டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அந்தக் குட்டிப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் பாலாக வெளுத்தது. அதை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு, பாய்?"

"நான் தொழுகை தவறாதவன். அதை என் வாயால சொல்ல மாட்டேன்."

பெரிய துரை வந்தார். என்னை ஒரு முக்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பாய் நடுவில்.

"உன்னை எந்த நாட்டுக்காரன் இதைச் செய்யச் சொன்னான்னு கேக்கறாரு."

"யாரும் சொல்லலை."

"இந்த வேலையை உனக்கு யார் கத்துக்கொடுத்தான்னு கேக்கறாரு. மறைச்சா தூக்குல போட்டுடுவாராம்."

"எங்க அத்தை."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். துரை எழுதிக்கொண்டார். "அத்தை பேர் என்ன, எங்க இருக்கா, எந்தக் கப்பல்ல வேலை பாத்தான்னு கேக்கறாரு."

"பேரு காவேரி. தஞ்சாவூர் ஜில்லா. மாடு வச்சிருக்கா."

அதையும் எழுதிக்கொண்டார்கள். ஆக, இங்கிலீஷ் ராஜாவின் கடற்படைக் காகிதத்தில் எங்கள் காவேரி அத்தையின் பெயர் ஏறியிருக்கிறது. எங்கள் வம்சத்தில் முதன்முதலில் சர்க்கார் காகிதத்தில் ஏறிய பெயர் அவளுடையதுதான். இரண்டு நாள் என்னைக் காவலில் வைத்துவிட்டு, இவன் உளவாளி இல்லை, வெறும் முட்டாள் என்று எழுதி, முத்திரை குத்தி, இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று விரட்டிவிட்டார்கள். மற்றவர்கள் முட்டாள் என்று வாயால்தான் பேர் வாங்குவார்கள். நான் முத்திரையோடு வாங்கினேன்.

வெளியே வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் மரத்தடியில் ரெங்கசாமியின் தாயார் செல்லம்மா உட்கார்ந்திருந்தார். சுற்றி எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். நாலு அடி தள்ளி, கையில் கஞ்சித் தூக்கோடு என் தங்கை சொர்ணம் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"எல்லாம் பொண்ணோட ராசி" என்று செல்லம்மா மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தாலி ஏர்றதுக்கு முன்னாடியே என் புள்ளையைச் சாய்ச்சுட்டா. ஏறியிருந்தா கொள்ளி வச்சிருப்பேன். இந்தச் சம்பந்தம் வேணாம்."

சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டு தூக்கைப் பார்த்தாள். மூன்று நாளாக இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. பதினேழு வயது. இந்தப் பேச்சு இன்னும் இரண்டு நாள் போனால் போதும், சிங்கப்பூரில் அவளுக்கு வேறு மாப்பிள்ளையும் கிடைக்க மாட்டான். நான் படகைச் சுற்றி உப்புச் சுற்றியது என் ஆட்களுக்குத் தெரியும். அதை எங்கே கொட்டினேன் என்பது துரைகளுக்கும் பாய்க்கும்தான் தெரியும். பாய் வாயைத் திறக்கவில்லை. இங்கேயும் பழி சுமக்க ஓர் ஆள் இருந்தது. இந்தத் தடவை அது பழைய இரும்பு இல்லை.

"அத்தே" என்றேன். பெண்களின் பேச்சுச் சத்தத்தில் யாரும் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். "அத்தே, அவ ராசி இல்லை. நான்தான். பேட்டரித் தண்ணியில நான்தான் உப்பைக் கொட்டினேன்."

எல்லோருக்கும் முன்னால், உப்பு வாங்கியதிலிருந்து பிரம்பால் கலக்கியது வரை சொன்னேன். ஏணியில் இறங்காததையும் சொன்னேன். செல்லம்மா முழுவதையும் கேட்டார். பிறகு கையிலிருந்த பனையோலை விசிறியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் என் தலையிலும் தோளிலும் அடித்தார். காம்பு ஒடிந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் தன் விசிறியை எடுத்து நீட்டினார். (கூட்டத்தில் ஒருத்தராவது தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.) அடித்து ஓய்ந்ததும் செல்லம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் சொர்ணத்தைப் பார்த்து, "கஞ்சி ஆறுது, உள்ள கொண்டு போ" என்றார்.

சொர்ணம் என் பக்கமாக நடந்து போகையில் நின்றாள். "அண்ணே, இனிமே எனக்குன்னு நீங்க எதுவும் செய்ய வேண்டாம்" என்றாள்.

நானும் பின்னாலேயே உள்ளே போனேன். ரெங்கசாமி கண்ணைத் திறந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. எங்கள் கூட்டத்தில் பாரம் இழுக்கும்போது குரல் கொடுப்பவன் அவன்தான், அவன் குரல் கொடுத்தால் எதிர்க்கரைச் சீனர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது அவன் வாயிலிருந்து வந்தது, காய்ந்த ஓலையைத் தரையில் இழுக்கும் சத்தம். குனிந்து காதை வைத்தேன்.

"மச்சான், எத்தனை படி?"

"ரெண்டு."

கண்ணை மூடிக்கொண்டான். வெகுநேரம் கழித்து, "ஒண்ணு போதாதா?" என்றான்.

நாலு மாசம் கழித்துக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு நடுவில் இருமல் வந்ததால் தாலி கட்டுவதற்குள் ஐயர் மந்திரத்தை இரண்டு தடவை நிறுத்தினார். துறைமுகம் எனக்கு மூடிவிட்டதால் நான் ஆற்றுப் பக்கம் போய்த் தொங்கான் தொழிலில் இறங்கினேன். அதில்தான் முன்னுக்கு வந்தேன். அவனையும் கூடவே வைத்துக்கொண்டேன், படகில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. பாரம் தூக்க அவனால் முடியவில்லை. குரல் திரும்பவே இல்லை. மழைக்காலத்தில் துண்டில் இரத்தம் படும், அதை எனக்குத் தெரியாமல் மடித்து வைப்பான். ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

போன வருஷம் அவன் போய்விட்டான். நெஞ்சு பலவீனம் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்த ஒரு சம்பந்தியம்மாள், துக்கம் விசாரிக்கிற பாவனையில் சொர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு தங்கமான மனுசரை நான் பாத்ததில்லைங்க. பொண்டாட்டிகிட்ட ஒருநாள்கூடச் சத்தம் போட்டதில்லையாமே" என்றார்.

நாற்பது வருஷமாக எங்கள் குடும்பத்தில் யார் இதைச் சொன்னாலும் சொர்ணம் சொல்லும் பதில் ஒன்றுதான். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறாள், வளைகாப்பில் சொல்லியிருக்கிறாள், ரெங்கசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லி அவனையே தோள் குலுங்கச் சிரிக்க வைத்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். அவள் பந்தியைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "அது எங்க அண்ணன் எனக்குச் செஞ்ச சீர்."